ஆயிரம் கதிருக்கு எத்தனை பேர்?

கோவையில் நூல் மில் நடத்துகிற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பஞ்சு விலையும் கரண்டு கட்டணமும் முடிந்த கையோடு ஓர் எண் வந்து விழும்: எச்.ஓ.கே. நூறு கிலோ நூல் இறங்க எத்தனை ஆள்மணி பிடிக்கிறது என்பதற்கான அளவு அது. "நமக்கு இவ்வளவு, சிட்ரா சொல்றது இவ்வளவு" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவார். சொந்த எண் குறைவாக இருந்தால் குரலில் ஒரு தெம்பு. கூடுதலாக இருந்தால் மேனேஜர் மேல் ஒரு பார்வை.

சிட்ரா என்பது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம். அவிநாசி சாலையில், விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைப் பெண் பெயர்போல "சித்ரா" என்றே கூவுவார்கள். இறங்குகிறவர்களில் பாதிப்பேருக்கு உள்ளே என்ன ஆராய்கிறார்கள் என்று தெரிந்திருக்காது. பஞ்சின் இழை நீளம், நூலின் வலு, சாயத்தின் பிடிப்பு எல்லாம் ஆராய்கிறார்கள். அவற்றோடு, ஓர் ஆள் ஒரு ஷிப்டில் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதையும். உத்திசார் மனிதவள மேலாண்மை என்று இன்று நிர்வாகக் கல்லூரிகளில் முனைவர் பட்டம் வாங்கும் துறைக்குக் கொங்கு நாட்டில் ஒரு மூத்த பங்காளி உண்டென்றால், அது இந்த வேலைப்பளுக் கணக்குதான்.

அது பிறந்தது ஒரு சண்டையில்.

கோவையின் முதல் பஞ்சாலை 1888-இல் ஸ்டேன்ஸ் துரை காலத்தில் வந்தது. லட்சுமி மில் 1910. ஆனாலும் கோவையை மில் ஊராக்கியது பைக்காரா மின்சாரம். 1932-இல் நீலகிரியிலிருந்து கம்பி இறங்கியதும், சுற்றுவட்டார நாயுடுமார்களும் கவுண்டர்களும் பருத்திக் காட்டுப் பணத்தையும் ஜின்னிங் லாபத்தையும் போட்டு வரிசையாக ஆலைகளைக் கட்டினார்கள். முதலாளிகளின் சங்கமான சைமா 1933-இல் அமைந்துவிட்டது. தொழிலாளர் சங்கங்களும் அந்தப் பத்தாண்டிலேயே வேர் பிடித்தன.

ஆலைக்குள் ஆளெடுப்பது, தள்ளுவது, யாருக்கு எந்த மெஷின், யார் பதிலி, எல்லாம் மேஸ்திரி கையில். வேலை வேண்டுமானால் அவருக்குக் காசு. வேலை நிலைக்க வேண்டுமானால் மறுபடியும் காசு. 1931-இல் அறிக்கை கொடுத்த, தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன், ஆளெடுக்கும் அதிகாரத்தை இந்த மேஸ்திரிமாரிடமிருந்து பிடுங்கித் தனி லேபர் ஆபீசரிடம் கொடுக்கச் சொன்னது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம் என்றது. இன்று கண்ணாடி அறையில் எச்.ஆர். என்று பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவரின் வம்சாவளியை மேலே தேடிக்கொண்டு போனால், மேஸ்திரியின் மாமூலை ஒழிக்க அனுப்பப்பட்ட அந்த ஆபீசரிடம்தான் போய் நிற்கும்.

மேஸ்திரியை அடக்கினாலும் அடுத்த தகராறு தீரவில்லை: ஒருவர் எத்தனை சைடு (நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாக நிற்கும் மெஷினின் ஒரு பக்கம்) பார்ப்பது? பம்பாயில் 1928-இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மில் தொழிலாளர்கள் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்ததற்கு, ஸ்பின்னர் ஒருவருக்கு ஒன்றுக்கு இரண்டு சைடாகக் கொடுக்கத் துணிந்தது ஒரு முக்கியமான காரணம். கோவையிலும் தகராறுகள் சாதாரணமாக முடியவில்லை. இன்றைய சிட்ராவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சின்னியம்பாளையத்தின் மில் தொழிலாளர் நால்வர், ஆலைத் தகராறு ஒன்றின் முடிவில் 1946 ஜனவரியில் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்கு வேலைப்பளு பற்றியதல்ல. ஆனால் மேற்பார்வை செய்கிறவனுக்கும் செய்யப்படுகிறவனுக்கும் நடுவே அந்தக் காலத்தில் எத்தனை கசப்பு கிடந்தது என்பதை அதைவிட வேறெதுவும் காட்டாது.

இந்தப் பின்னணியில்தான் 1956-இல் சிட்ரா வருகிறது. அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் 1947-இலேயே அட்டிரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியிருந்தார்; தெற்கில் ஆலைகளே கூடி, மத்திய அரசின் துணையோடு, தங்களுக்கொன்றை அமைத்துக்கொண்டன. முதல் இயக்குநர் கஸ்தூரி சீனிவாசன். இந்து நாளிதழின் ஆசிரியராக இருந்த அதே பெயர்க்காரர் வேறு. இவர் கோவை மில்காரர். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், பிற்காலத்தில் அவிநாசி சாலையிலேயே தம் பெயரில் ஓர் ஓவியக் கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் ஏற்படுத்தியவர். 1964-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பு, உற்பத்தித்திறனையும் சமூகச் சூழலையும் ஒரே அட்டையில் சேர்த்து வைத்தது. கதிர் எண்ணுகிற நிலையத்தின் தலைவருக்கு, கதிரடியில் நிற்கிறவன் எங்கிருந்து வருகிறான் என்பதும் கணக்கில் சேரவேண்டிய விஷயமாகப் பட்டிருக்கிறது. நம் ஊர் நிர்வாகக் கல்லூரிகள் இவரைப் பாடமாக வைக்காதது விசித்திரம்தான்.

காலமும் தோதாக அமைந்தது. 1957-இல் பருத்தி ஜவுளித் தொழிலுக்கென மத்திய ஊதியக் குழு அமர்ந்தது. அதே ஆண்டு கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலிக்குத் தலைக்கு வருஷம் 18 கெஜம் துணி என்பது வரை கணக்குச் சொன்னது. அந்த மாநாட்டின் இன்னொரு உடன்பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆலையை நவீனப்படுத்தலாம், ஆனால் இருக்கிற ஆளை வெளியே அனுப்பக்கூடாது, கிடைக்கிற ஆதாயத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும், வேலைப்பளுவை இரு தரப்பும் ஏற்கும் நிபுணர்கள் அளக்க வேண்டும் என்றது அது. ஆகவே அளக்கத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டார். கோவையில் அதற்கென்று ஓர் இடம் தயாராக இருந்தது.

அளப்பது எப்படி? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், விஷயமே இதில்தான் இருக்கிறது.

நூலின் மெலிவுக்குக் கவுண்ட் என்று பெயர். 840 கெஜம் ஒரு சிட்டம்; ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அத்தனை கவுண்ட். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டை நீட்டினால் 30 கிலோமீட்டருக்கு மேல் போகும். நூறு கிலோ என்றால் சுமார் 6,770 கிலோமீட்டர். 20-ஆம் நம்பரில் அதே நூறு கிலோ பாதித் தூரம்தான். மெல்லிய நூலுக்கு முறுக்கும் அதிகம், மெஷின் வெளியே விடும் வேகமும் குறைவு. அதனால் 20 ஓட்டுகிற மில்லையும் 60 ஓட்டுகிற மில்லையும் கிலோக் கணக்கில் ஒப்பிட்டு "உன் ஆட்கள் சோம்பேறிகள்" என்று சொல்வது அநியாயம். எல்லாவற்றையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றிக் கொண்டுவந்து, அப்புறம் ஆள்மணியை வகுத்தால்தான் ஒரு மில்லின் எண்ணை அடுத்த மில்லின் எண்ணோடு வைத்துப் பேச முடியும்.

இது ஆலைக்கு. ஆளுக்கு வேறு கணக்கு. ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிறவரின் வேலை, அறுந்த இழையை ஒட்டுவது. சந்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்க வேண்டும், கண் ஓட வேண்டும், அறுந்த இடத்தில் விரல் போக வேண்டும். நடுவே ரோலர் சுத்தம், பாபின் மாற்றம். ஆகவே அவருடைய பளுவைத் தீர்மானிப்பது, எத்தனை கதிர் என்பதோடு எத்தனை அறுப்பு என்பதும். ஓர் ஆளிடம் ஆயிரம் கதிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு கதிருக்கு மணிக்குப் பத்து அறுப்பு விழுந்தால் அவர் ஒரு மணியில் நூறு இழை ஒட்டுகிறார். அதுவே இருபதானால் இருநூறு. நிமிஷத்துக்கு மூன்றுக்கு மேல். கதிர் ஒன்றுகூடக் கூடவில்லை, ஆள் மாறவில்லை, பளு இரட்டிப்பாகிவிட்டது.

அறுப்பு ஏன் கூடுகிறது? பஞ்சு மட்டம். பஞ்சுக் கலவையான மிக்சிங் சரியில்லை. ஹாலில் ஈரப்பதம் போதவில்லை. ரிங் தேய்ந்திருக்கிறது. இதில் ஒன்றுகூடச் சைடு பார்க்கிறவர் செய்த தப்பில்லை. பஞ்சு வாங்கிய முதலாளியிடமிருந்தும் மெஷினைக் கவனிக்காத மெயின்டனன்ஸிடமிருந்தும் வருவது. "இந்த மிக்சிங்குல நூல் நிக்கவே மாட்டேங்குதுங்க, எப்படிங்க ரெண்டு சைடு பாக்கறது?" என்று ஃபிட்டரிடமோ சூப்பர்வைசரிடமோ சொன்னால் பழைய காலத்தில் அது முணுமுணுப்பு. ஸ்டாப்வாட்சும் அறுப்புக் கணக்கும் வந்த பிறகு அது ஆதாரம். வேலைப்பளு என்பது "இத்தனை அறுப்புக்குள் இருந்தால் இத்தனை கதிர்" என்று நிபந்தனையோடு எழுதப்படும் எண். நிபந்தனை உடைந்தால் எண்ணும் செல்லாது. அந்த எண்தான் 1947 தொழிற்தகராறு சட்டத்தின் 12(3), 18(1) என்று சங்கத்தார் வாய்ப்பாடாகச் சொல்லும் ஒப்பந்தங்களில் போய் உட்கார்ந்தது. ஆளைக் குறைக்கும்படியான நவீனப்படுத்தலுக்கு 21 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடு என்றது அதே சட்டத்தின் 9-ஏ பிரிவு. நோட்டீஸ் வந்ததும் இரு தரப்பும் தேடிப்போனது அந்தக் காகிதத்தைத்தான்.

சிட்ராவுக்குப் படியளப்பது ஆலைகள். அதன் எண்ணில் தொழிலாளிக்கு எவ்வளவு நியாயம் இருக்கும் என்று சங்கத்துக்காரர் சந்தேகப்பட்டால் குறை சொல்ல முடியாது. வருஷத்துக்கு வருஷம் எச்.ஓ.கே. எண் ஒரே திசையில்தான் நகர்ந்தது, கீழ்நோக்கி. அப்படியிருந்தும் நான் இதைப் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். இரு தரப்பும் ஒரே தாளைப் பார்த்துச் சண்டை போட முடிந்தது.

வெளியுலகிலும் வேலையாட்களைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் பஞ்சுத் தூசியில்தான் பிறந்தது என்பது வேடிக்கை. ஹாதார்ன் சோதனையால் பேர்பெற்ற எல்டன் மேயோ, அதற்கு முன்னால் 1923-இல் கால் வைத்தது பிலடெல்பியாவின் நூற்பாலை ஒன்றில். மற்றப் பிரிவுகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஐந்தாறு பேர் விட்டுப்போக, மியூல் ஸ்பின்னிங்கில் மட்டும் 250 சதவீதம்: நூறு இடத்துக்கு வருஷத்தில் 250 பேர் வந்து போகிறார்கள். மேயோ நடுநடுவே ஓய்வு கொடுக்கச் சொன்னார், ஓட்டம் நின்றது. அவசர ஆர்டர் வந்ததும் சூப்பர்வைசர் ஓய்வை வெட்டினார், உற்பத்தி சரிந்தது. பிறகு ஓய்வு திரும்ப வந்தது. இந்தியாவில் 1953-இல், லண்டன் தவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் அகமதாபாத் காலிக்கோ மில்லின் தானியங்கித் தறிக்கூடத்துக்குப் போனார். தனித்தனி வேலையாகச் சிதறிக்கிடந்த ஆட்களைச் சிறு குழுக்களாக்கிக் குழுவிடமே தறிகளை ஒப்படைத்தபோது உற்பத்தி ஏறி, சேதம் குறைந்தது. 1970-இல் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தார். ஓரிடத்தில் குழுமுறை நிலைத்திருந்தது; மற்ற இடங்களில் கரைந்துபோயிருந்தது.

இதற்குப் பிறகு துறை மில்லை விட்டுக் கல்லூரிக்குப் போனது. 1975-இல் எல் அண்ட் டி நிறுவனம் உதய் பரீக், டி. வி. ராவ் இருவரின் யோசனைப்படி மனிதவள மேம்பாட்டுக்குத் தனித்துறை கண்டது. இந்தியாவில் அதுவே முதல். 1984-இல் மிச்சிகனிலிருந்து ஒன்றும் ஹார்வர்டிலிருந்து ஒன்றுமாக இரண்டு புத்தகங்கள் வந்து, ஆட்களை நிர்வகிப்பது நிறுவனத்தின் உத்தியோடு சேர்ந்த விஷயம் என்றன. 1995-இல் மார்க் ஹியூசலிட் 968 அமெரிக்க நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, நல்ல மனிதவள நடைமுறைகள் ஒரு படி கூடினால் தலைக்கு 27,044 டாலர் விற்பனை கூடுகிறது, விட்டுப்போவோர் ஏழு சதவீதம் குறைகிறார்கள் என்று எழுதினார். அந்த 27,044 துறைக்கே வாழ்வு கொடுத்தது. எச்.ஆர். மேலாளர்களுக்கு முதலாளியின் மேஜையில் போட ஓர் எண் கிடைத்ததல்லவா?

பத்தே வருஷத்தில் பேட்ரிக் ரைட்டும் கூட்டாளிகளும் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள்: நல்ல நடைமுறையால் லாபம் வந்ததா, லாபம் இருந்ததால் நல்ல நடைமுறை வந்ததா? பழைய லாபத்தைக் கணக்கில் சேர்த்ததும் அந்த உறவு ஏறத்தாழ மறைந்தே போனது. இடையில் 1996-இல் டெலரியும் டோட்டியும், எங்கும் செல்லும் நடைமுறை ஒன்று உண்டா, அல்லது இடத்துக்குத் தக்க மாறுமா என்று துறையின் வாதங்களைப் பிரித்து வைத்தார்கள். அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது எனக்கு நம் சைடு பார்க்கிறவரின் நினைவுதான் வரும். இன்ன மிக்சிங் இருந்தால் இத்தனை கதிர் என்று அவர் எப்போதோ சொல்லிவிட்டார். ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பிச் சராசரி எடுத்தவர்கள் அந்த நிபந்தனையைத்தான் தொலைத்தார்கள்.

இதெல்லாம் அங்கே நடந்துகொண்டிருக்கும்போது கொங்கு நாட்டில் எண்ணப்படுகிற ஆளே மாறிப்போனார். நிரந்தரத் தொழிலாளி, சங்கம், வேலைப்பளு ஒப்பந்தம் என்ற மூன்று காலும் தொண்ணூறுகளில் ஆடத் தொடங்கின. பல பழைய மில்கள் மூடின. புதிதாக வந்தவை ஊருக்கு வெளியே, வளாகத்துக்குள் விடுதி கட்டி, தென்மாவட்டங்களிலிருந்து கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷக் கணக்கில் எடுத்தன. முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. சுமங்கலித் திட்டம் என்று பெயர். சங்கத்தார் கேம்ப் கூலி என்றார்கள். மூன்று வருஷம் முடியுமுன் உடம்புக்கு முடியாமல் திரும்பினால் தொகை என்னாகும் என்ற கேள்வி நெதர்லாந்து அமைப்புகள் 2011-இல் வெளியிட்ட அறிக்கை வரை போனது. நிர்வாக மொழியில் சொன்னால் இது அப்பட்டமான உத்திசார் மனிதவள மேலாண்மை: ஆள் தேர்வு, தங்குமிடம், ஊதிய அமைப்பு, விலகலைத் தடுக்கும் ஏற்பாடு நான்கும் ஒரே குறிக்கோளோடு பொருத்தப்பட்டிருக்கின்றன. பாடநூல் கேட்கும் பொருத்தம் முழுசாக இருக்கிறது. அந்தப் பொருத்தம் யாருக்கு நல்லது என்று பாடநூல் கேட்பதில்லை.

பக்கத்துப் பனியன் ஊரான திருப்பூரைப் படித்தவர்கள் கொஞ்சம் வேறு ஆட்கள். புவியியலும் மானிடவியலும் படித்தவர்கள். ஷரத் சாரி 2004-இல் எழுதிய புத்தகம், காட்டிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் கைவேலை பார்த்துப் பிறகு முதலாளியான கவுண்டர்களைப் பற்றியது. "எங்க முதலே உழைப்புதானுங்க" என்ற பேச்சை அவர் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அந்த உழைப்புக் கதை உண்மைதான், அதே சமயம் அடுத்த தலைமுறைத் தொழிலாளி மேலேற முடியாமல் போனதை மறைக்கும் திரையும்தான். இன்று பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானோர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். 2023 மார்ச்சில் போலி வீடியோக்களால் பீதி கிளம்பி அவர்கள் ரயிலேறத் தொடங்கியபோது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கு வந்து பார்த்தது. ஆள் நிற்பதும் போவதும் ஒரு வாட்ஸப் வீடியோவில் தொங்கியது. எந்த மனிதவள மாதிரியிலும் இதற்கு ஒரு பெட்டி கிடையாது.

கேள்வித்தாள் ஆராய்ச்சியைத் தாண்டி மில்லுக்குள்ளேயே சோதனை செய்து பார்ப்பது இப்போது மறுபடி வந்திருக்கிறது. எனக்கு நம்பிக்கை அங்கேதான். நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் மும்பைக்கு அருகே 17 நெசவு நிறுவனங்களின் 28 ஆலைகளை எடுத்து, ஒரு பகுதிக்கு ஐந்து மாத ஆலோசனை கொடுத்தார்கள். முதல் வருஷமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. அதில் அவர்கள் கண்ட இன்னொன்று கோவையில் யாருக்கும் புதிதாக இருக்காது: நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பது குடும்பத்தில் எத்தனை ஆண்பிள்ளைகள் என்பதோடு ஒட்டிப் போனது. அண்ணன் தம்பி எண்ணிக்கைக்கு மேல் யூனிட் போட மாட்டார்கள், வெளியாளை நம்ப மாட்டார்கள். ஒன்பது வருஷத்துக்குப் பின் போய்ப் பார்த்தால், சேர்த்த நடைமுறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தது. மேனேஜர் மாறிய இடத்தில் நடைமுறையும் போயிருந்தது.

பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் அச்யுதா அத்வர்யுவும் கூட்டாளிகளும் செய்தது இதைவிட எளிமையானது. கூலி உயர்வு எதிர்பார்த்த அளவு வராத சமயத்தில், வேலை, கூலி, சூப்பர்வைசர் பற்றித் தொழிலாளிகள் சிலரிடம் மட்டும் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் விட்டுப்போனோர் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்காகக் கூலி ஒரு ரூபாய்கூடக் கூட்டப்படவில்லை. முதலாளி இதை மலிவான வழி என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. இருந்தாலும் கேட்காமல் இருந்ததற்கு எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

நம் மில்களில் ஸ்டாப்வாட்சுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. புது ரிங் பிரேமில் கதிருக்குக் கதிர் சென்சார். எந்த நூல் எப்போது அறுந்தது, எத்தனை விநாடியில் ஒட்டப்பட்டது எல்லாம் திரையில் விழுகிறது. நிறைந்த பாபினைக் கழற்றும் டாஃபிங்கை மெஷினே செய்துகொள்கிறது. சிட்ராவின் ஆட்கள் ஷிப்டு முழுக்கச் சந்தில் நடந்து திரட்டியது இப்போது தானாகச் சேர்கிறது. ஆனால் அந்தத் திரை மேனேஜர் அறையில் இருக்கிறது. பழைய ஒப்பந்தத்தின் நகல் சங்க ஆபீஸ் பீரோவிலும் இருந்தது. விடுதிப் பெண்ணுக்கும் ஜார்க்கண்ட் பையனுக்கும் தன் சைடில் இன்று அறுப்பு எவ்வளவு என்று எடுத்துக் காட்டவோ, மிக்சிங் சரியில்லை என்று வாதாடவோ கையில் ஒரு தாளும் கிடையாது.

இங்கே ஆராய்ச்சி செய்ய வருகிற ஒருவர் பெரிய மாதிரி எதுவும் கட்ட வேண்டாம். நூறு கிலோவுக்கு எத்தனை ஆள்மணி என்ற வரிக்குக் கீழே, அந்த மணிகளை உழைத்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வருஷமும் அதே மில்லில் இருந்தார்கள் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, அந்த வருஷத்துச் சராசரி அறுப்பு என்று இன்னொரு வரி. 40-ஆம் நம்பருக்கு மாற்றியதுபோல விடுதி, வெளிமாநிலம், உள்ளூர் என்று பிரித்து, ஐம்பது மில்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். தகவல் வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. முதல் வரிக்கான விடை மில்லின் மஸ்டர் ரோலிலும் பி.எஃப். கணக்கிலும் இருக்கிறது, இரண்டாவது சென்சாரில் இருக்கிறது. இரண்டும் இருக்கிற அறைச் சாவி முதலாளியிடம் இருக்கிறது. 1956-இல் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான ஆலைகள் தங்கள் கணக்கைத் திறந்து காட்டச் சம்மதித்ததால்தான் சிட்ராவின் ஒப்பீடே நடந்தது. இந்த இரண்டு வரிக்கும் அவர்களின் பேரன்மார்கள் சம்மதிப்பார்களா என்று, அவிநாசி சாலையில் இருப்பவர்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.